அடுத்த வீட்டுக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுப்பது எப்படி

அடுத்த வீட்டு ஆச்சி ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் சொதியைக் கொண்டுவந்து நீட்டும்போது "தாங்க்ஸ் ஆச்சி" என்று சொல்லிவிடாதீர்கள். நான் சொன்னேன். சென்னையில் பதினாலு வருஷம் ஃபிளாட்டில் இருந்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பி வந்த முதல் வாரம் அது, வாய்ப்பழக்கத்தில் வந்துவிட்டது. ஆச்சி என்னை ஒரு பார்வை பார்த்தார். "என்னய்யா, வேத்தாள்கிட்ட பேசுத மாதிரி பேசுத?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டிவிட்டார். கோபமெல்லாம் இல்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தையோடு நான் கணக்கை முடித்துவிட்டேன் என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது, எனக்குத் தெரியத்தான் ரெண்டு வருஷம் ஆனது.

நம்ம திருநெல்வேலிப் பக்கம் சாப்பாட்டுக்கு நன்றியைப் பாத்திரம்தான் சொல்ல வேண்டும். வந்த கிண்ணம் எத்தனை நாளில் திரும்பிப் போகிறது, எப்படிக் கழுவிப் போகிறது, உள்ளே எதை வைத்துக்கொண்டு போகிறது, யார் கையில் போகிறது, இதையெல்லாம் வைத்துத்தான் அந்த வீட்டில் உங்களைப் பற்றி ஒரு முடிவுக்கு வருவார்கள். இதை யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தருவதில்லை. வெளியூரில் கிடந்துவிட்டுத் திரும்புகிறவர்கள், கல்யாணமாகிப் புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள், மாற்றலாகி மகாராஜநகர், கே.டி.சி. நகர் பக்கம் வாடகைக்கு வருகிறவர்கள் எல்லாம் தப்புப் பண்ணித்தான் தெரிந்துகொள்கிறோம். நான் பண்ணின தப்புகளிலிருந்து இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ஒரு வளவில். ஒரே வெளிவாசல், நடுவில் முற்றம், ரெண்டு பக்கமும் சேர்த்து ஆறு வீடு. எனக்கு அடுத்த வீடு ஆச்சி, சுத்த சைவம். எதிரே ஒரு மைனி (என் அண்ணன் மனைவி ஒன்றும் இல்லை, அவர் வீட்டுக்காரரை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தோம், அதனால் அவர் மைனி ஆகிவிட்டார்). அதற்குப் பக்கத்தில் பள்ளிக்கூட டீச்சர் அக்கா, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். கடைசி வீட்டில் மேலப்பாளையத்திலிருந்து குடிவந்த பாய் குடும்பம். மீதி ஒரு வீட்டில் பையன்கள் தங்கிப் படிக்கிறார்கள், அவர்கள் வாங்குவதோடு சரி, கொடுப்பது இல்லை. அவர்களை யாரும் கணக்கில் சேர்ப்பதும் இல்லை, படிக்கிற பிள்ளைகள்தானே.

வாங்கும்போது

ரெண்டு கையாலும் வாங்குங்கள், அல்லது வலது கையால். வாங்கினதும் அவர்கள் முன்னாலேயே மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். "ஐயோ இப்பதான் சாப்ட்டு முடிச்சோம்" என்று சொல்லாதீர்கள், உண்மையாகவே இருந்தாலும் அது வேண்டாம் என்று சொல்வதுபோலத்தான் கேட்கும். "எதுக்கு ஆச்சி சிரமம்" என்பது போதும். அதற்கு அவர்கள் "என்ன சிரமம், கொஞ்சம் கூட வச்சேன்" என்பார்கள். இது நெய்யும் பருப்பும் மாதிரி, முதல் வரி போனால் ரெண்டாவது வரி தானாக வரும். அப்புறம் "நீங்க சாப்ட்டாச்சா" என்று கேளுங்கள், உள்ளே கூப்பிடுங்கள். "அடுப்புல வச்சிட்டு வந்திருக்கேன்" என்று போய்விடுவார்கள். போகட்டும், கூப்பிட்டதுதான் முக்கியம்.

பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டிருந்தால், அந்தப் பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். ஒரு வாழைப்பழம், ஒரு முறுக்கு, எதுவும் இல்லையென்றால் ரெண்டு பிஸ்கட். சின்னப் பிள்ளை வந்த வீட்டில் சும்மா அனுப்பினார்கள் என்பதைப் பிள்ளை மறந்துவிடும், அம்மாக்காரி மறக்க மாட்டார்.

சில பேர் வாசலில் நின்றுகொண்டே "பாத்திரத்தை மாத்திக் குடுத்துரு" என்பார்கள். அவசரமாக அந்தக் கிண்ணம் வேண்டும் என்று அர்த்தம். இங்கேதான் புதியவர்கள் மாட்டுவார்கள். உள்ளே ஓடி உங்கள் பாத்திரத்தில் மாற்றிவிட்டு, ஒரு தடவை அலசி, அப்படியே காலியாகக் கொண்டுவந்து நீட்டக் கூடாது. வெறும் பாத்திரம் கொடுக்கக் கூடாது என்பதுதான் இந்த விஷயத்தில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம், ஆனால் அவசரத்தில் எல்லாரும் மறக்கிற சட்டமும் அதுதான். அம்மா இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். ஒன்றுமே இல்லையென்றால் கிண்ணத்தில் ஒரு கரண்டி சீனி. அவ்வளவுதான். யாரும் அந்தச் சீனிக்காகக் காத்திருக்கவில்லை. அது வெறும் கிண்ணம் இல்லை என்று காட்டுவதற்கு ஒரு அடையாளம்.

சாப்பிட்டபிறகு என்ன சொல்வது

இதுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம், இதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். "நல்லா இருந்துச்சு" என்பது காசு இல்லாத பர்ஸ் மாதிரி. எல்லாரும் சொல்வது, சாப்பிடாமலேயே சொல்லலாம். சமைத்தவருக்கு எங்கே கஷ்டமோ அந்த இடத்தைத் தொட்டுச் சொல்ல வேண்டும், அதற்கு அந்தச் சமையல் என்னவென்று கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும்.

சொதியை எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்காரர்களுக்கு வைக்கிற விருந்து இது, அதனால்தான் மாப்பிள்ளைச் சொதி என்று பேர். தேங்காயை அரைத்து முதல் பால், ரெண்டாம் பால், மூணாம் பால் என்று தனித்தனியாகப் பிழிந்து எடுக்க வேண்டும். காய்கள் தண்ணியான பாலில் வேகும், பாசிப்பருப்பு சேரும், கடைசியில்தான் கெட்டியான முதல் பால் போகும், அது போனபிறகு கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். எலுமிச்சம்பழம் அடுப்பை விட்டு இறக்கினபிறகுதான் பிழிய வேண்டும். ஆக ஆச்சியிடம் போய் "பால் துளிகூடத் திரியல ஆச்சி, புளிப்பும் கையைப் பிடிச்ச மாதிரி நின்னுச்சு" என்று சொல்லிப் பாருங்கள். முகம் அப்படியே மாறும். கூட இஞ்சிப் பச்சடி கொடுத்திருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். சொதி வயிற்றில் கனமாக உட்காரும் என்றுதான் இஞ்சிப் பச்சடியை உடன் வைப்பார்கள், அதை மறக்காமல் கொடுத்துவிட்டவருக்கு உங்கள் வயிற்றின்மேலும் அக்கறை இருந்திருக்கிறது.

உளுந்தம்பருப்புச் சோறு என்றால் குழையாமல் இருந்ததா, பூண்டு வாசம் எப்படி என்று சொல்லலாம். தொலி உளுந்தை வறுத்து, அரிசி, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பூ எல்லாம் சேர்த்து வடிக்காமல் பொங்குகிற சோறு அது, தண்ணீர் ஒரு டம்ளர் கூடினால் களியாகிவிடும். அதற்குத் தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல் வந்திருந்தால், எள் கசக்கவில்லை என்று சொல்லுங்கள். எள்ளை ஒரு நிமிஷம் கூட வறுத்தால் போச்சு, அது பொடபொடவென்று வெடிக்கும்போதே இறக்கியாக வேண்டும். உளுந்தங்களி வந்தால் கட்டி தட்டாமல் கிண்டின கையைப் பற்றிப் பேசுங்கள், கருப்பட்டிப் பாகில் மாவைப் போட்டுக் கிளறுவதற்குத் தோளில் பலம் வேண்டும்.

வீட்டில் யார் எவ்வளவு சாப்பிட்டார்கள் என்று சொல்வதும் நல்லது. "சின்னவன் ரெண்டாந்தடவை கேட்டான்" என்ற ஒரு வாக்கியம் எந்தப் பாராட்டுக்கும் மேலே. எல்லாவற்றையும் தாண்டி ஒன்று இருக்கிறது, பக்குவம் கேட்பது. "மைனி, இதுக்கு என்னென்ன போட்டீங்க?" என்று கேட்டால் அவர்கள் அரை மணி நேரம் சொல்வார்கள், கேளுங்கள். ஆனால் கேட்டால் செய்து பார்க்க வேண்டும். செய்து, சொதப்பினாலும், அதில் ஒரு கிண்ணம் அவர்களுக்கே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நான் முதல்முறை செய்த இடிசாம்பாரை மைனி ஒரு வாய் வைத்துவிட்டு, "புளி கூடிப்போச்சு, ஆனா மல்லி நல்லா வறுத்திருக்கீய" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருகிற சாம்பாரின் அளவே கூடிவிட்டது. பாவம் பார்த்திருக்கலாம்.

பாத்திரம்

எந்தப் பாத்திரம் யாருடையது என்பது தெரிய வேண்டும். பழைய எவர்சில்வரில் பேர் வெட்டியிருக்கும், கல்யாணத் தேதிகூட இருக்கும். ஆச்சி வீட்டுத் தூக்குச்சட்டியின் அடியில் அவருடைய மாமியார் பேர் இருக்கிறது, அந்தச் சட்டியைக் கையில் வாங்கும்போது எனக்கே கொஞ்சம் பயமாக இருக்கும். பேர் இல்லாத பாத்திரம் என்றால் வந்த அன்றே அடியில் ஒரு துண்டு பேப்பர் டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். மூடியைப் பாத்திரத்தோடேயே வையுங்கள். பாத்திரங்கள் தொலைவதே இல்லை, மூடிகள்தான் தொலையும். மூடி இல்லாமல் திரும்பி வந்த டிபன் பாக்ஸைப் பற்றி எங்கள் வளவில் ஒரு வருஷமாகப் பேச்சு ஓடுகிறது, நான் இல்லை என்பதைச் சொல்லி வைக்கிறேன்.

கழுவுவது எல்லாருக்கும் தெரியும், ஒன்றிரண்டு மட்டும் சொல்கிறேன். பிளாஸ்டிக் டப்பாவில் மஞ்சள் கறை ஏறியிருந்தால் தேய்த்துத் தேய்த்துக் கீறல் விழவைக்காதீர்கள், ஈரத்தோடு ஒரு நாள் வெயிலில் போட்டால் மஞ்சள் தானாக வெளுக்கும், நம்ம ஊர் வெயிலுக்கு அரை நாளே போதும். டிபன் பாக்ஸ் மூடியில் இருக்கிற ரப்பர் வாஷரைக் கழற்றிக் கழுவுங்கள், குழம்பு வாடை அங்கேதான் ஒளிந்திருக்கும். அடுத்த வீட்டுக்காரர் முகர்ந்து பார்ப்பார் என்பது உறுதி. மைனி சில நேரம் மீன்குழம்பை மண்சட்டியிலேயே கொடுத்துவிடுவார், காருகுறிச்சி சட்டி. அதில் சோப்பு போடவே கூடாது, மண் சோப்பைக் குடித்துவிடும், அடுத்த குழம்பில் கக்கும். கடலைமாவு அல்லது அரிசி களைந்த தண்ணீர், தேங்காய் நார், அவ்வளவுதான். பித்தளைப் பாத்திரம் என்றால் உள்ளே ஈயம் பூசியிருப்பார்கள், கம்பி நாரால் சுரண்டாதீர்கள். திருப்பிக் கொடுக்கும்போது அதில் புளிப்பான எதையும் வைக்காதீர்கள், பூச்சு போயிருந்தால் களிம்பு ஏறிவிடும்.

இப்போது பார்சல் டப்பா, ஐஸ்கிரீம் டப்பாவில் கொடுத்துவிட்டு "டப்பா வேண்டாம், தூரப் போட்டுருங்க" என்கிற பழக்கம் வந்திருக்கிறது. கொடுப்பவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், நமக்குச் சுமை வேண்டாம் என்று. எனக்கு அது பிடிப்பதில்லை. திருப்பிக் கொடுக்க வேண்டிய பாத்திரம் இல்லையென்றால் அந்த வீட்டுக்குப் போக ஒரு காரணம் குறைந்துவிடுகிறது. நான் அந்த டப்பாவையும் கழுவி, அதிலேயே நாலு எலுமிச்சம்பழம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். சிரிப்பார்கள். வாங்கிக்கொள்வார்கள்.

உள்ளே என்ன வைப்பது

என் பெரிய தப்பு இங்கேதான். அந்த முதல் சொதிக்குப் பதிலாக அன்று சாயங்காலமே ஜங்ஷனில் ஒரு பெரிய கடையில் ஒரு கிலோ நெய் ஸ்வீட் வாங்கிக்கொண்டு போய் ஆச்சியிடம் கொடுத்தேன். கிண்ணத்தை அதன்மேல் வைத்து. ரொம்பப் பெருமையாக இருந்தது. ஆச்சி "எதுக்குய்யா இம்புட்டு" என்றார், வாங்கிக்கொண்டார், அப்புறம் ரெண்டு மாசத்துக்கு அந்த வீட்டிலிருந்து எதுவும் வரவில்லை. அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது இதைச் சொன்னேன். "ஒரு கரண்டி சொதிக்கு ஒரு கிலோ முட்டாயா? வட்டியோட கடனை அடைச்சிட்டு வந்திருக்க. இனி அவங்க ஒரு கிண்ணம் ரசம் கொண்டுவரக்கூட யோசிப்பாங்கல்லா" என்றாள்.

ஆக அளவு முக்கியம். வந்ததைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் போக வேண்டும், கடையில் வாங்கினதாக இல்லாமல் வீட்டில் இருப்பதாக இருக்க வேண்டும். கொஞ்சம் பாக்கி நிற்கட்டும். ரெண்டு பக்கமும் எப்போதும் கொஞ்சம் பாக்கி இருந்துகொண்டே இருந்தால்தான் கிண்ணம் போய்வந்துகொண்டிருக்கும்.

எங்கள் வீட்டுப் பின்னால் ஒரு முருங்கை நிற்கிறது, அது எங்கள் மானத்தைப் பாதி காப்பாற்றிவிடுகிறது. ஒரு பிடி முருங்கைக்கீரை, நாலு காய், ஒரு கொத்து கருவேப்பிலை. ஊரிலிருந்து வாழைத்தார் வந்தால் ஒரு சீப்பு. வெயில் காலத்தில் நுங்கு, தை மாசம் பனங்கிழங்கு, குற்றாலம் சீசனுக்குப் போய்வந்தால் நாலு மங்குஸ்தான். உடன்குடிப் பக்கம் போகிறவர்கள் ஒரு கருப்பட்டி கூட வாங்கி வாருங்கள், காப்பிக்கு அதைவிட மரியாதையான பொருள் கிடையாது. நார்த்தங்காய் ஊறுகாய், கூழ்வத்தல், நீங்கள் சுட்ட முறுக்கு. உள்ளூர்க்காரருக்கு மட்டும் அல்வா வாங்கிக் கொடுக்காதீர்கள். திருநெல்வேலிக்காரனுக்கே அல்வா கொடுக்கிறாயா என்ற பழைய கிண்டலை வருஷத்துக்கு ஒருமுறையாவது கேட்க வேண்டியிருக்கும்.

உடனே ஏதாவது சமைத்துக் கொடுக்க வேண்டுமே என்று பதற வேண்டாம், வருஷமே நமக்காக அந்த வேலையைச் செய்துவிடும். கார்த்திகைக்குக் குருத்தோலையில் பச்சரிசி மாவும் கருப்பட்டியும் பாசிப்பயறும் வைத்துக் கட்டி வேகவைத்த ஓலைக்கொழுக்கட்டை ஆறு வீட்டுக்கும் போகும். மார்கழித் திருவாதிரைக்கு ஆச்சி வீட்டிலிருந்து களியும், அதற்குத் தொட்டுக்கொள்ளத் தாளகம் என்கிற காய்க்குழம்பும் வரும். கிறிஸ்துமஸுக்கு டீச்சர் அக்கா வீட்டுத் தட்டு, மேலே பூப்போட்ட துணி மூடி, அதில் முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும். முந்திரிக்கொத்து என்றால் முந்திரிப்பருப்பு இருக்கும் என்று தேடாதீர்கள், அது பாசிப்பயறும் பாகும். தையில் பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சிறுவீட்டுப் பொங்கல் விட்டால் அந்தப் பொங்கல். நோன்பு மாசத்தில் பாய் வீட்டுக் கஞ்சி. ஆடியிலோ சித்திரையிலோ கோயில் கொடைத் திருவிழா முடிந்து வந்தால் மைனி வீட்டுச் சர்க்கரைப் பொங்கல். உங்கள் முறை தானாக வரும், அப்போது மறக்காமல் இருந்தால் போதும்.

யாருக்கு எது ஆகாது என்று தெரிந்துகொள்ளுங்கள். சைவ வீட்டுப் பாத்திரத்தில் அசைவம் வைக்கக் கூடாது என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் கேக்கில் முட்டை இருப்பதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். டீச்சர் அக்கா ஆச்சிக்கு மட்டும் கேக் இல்லாமல் முறுக்குத் தட்டு தனியாகப் போடுவார். பாய் வீட்டுக்கு நீங்கள் வாங்கின கறியைச் சமைத்துக் கொடுக்காதீர்கள், ஹலால் இல்லையென்றால் அவர்களுக்குச் சங்கடம், உங்கள் மனசு நோகக் கூடாதென்று வாங்கிவைத்துக்கொண்டு தவிப்பார்கள். நோன்பு நாளில் சாயங்காலம் நோன்பு திறக்கிறதுக்கு முன்னால் ஒரு தட்டுப் பழம் வெட்டிக் கொண்டுபோனால் அதுவே பெரிசு. அவர்கள் கஞ்சியில் சில நாள் கறி இருக்கும், சைவமென்றால் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அதேபோல சாமிக்குப் படைத்ததைச் சில வீடுகளில் சாப்பிட மாட்டார்கள். அவர்களுக்குக் கொடுக்க வேண்டியதைப் படைக்கிறதுக்கு முன்னாலேயே தனியாக எடுத்துவைத்துவிட்டு, கொடுக்கும்போது "இது படைக்கும் முன்னாடியே எடுத்தது" என்று வாயால் சொல்லிவிட வேண்டும். சொன்னால்தான் அவர்கள் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

எப்போது கொண்டுபோவது

மூணு நாளைக்குள். ஒரு வாரம் ஆனால் அவர்கள் கேட்கவும் முடியாமல் விடவும் முடியாமல் இருப்பார்கள். காலையில் சமையல் வேலை முடிந்து பத்தரை, பதினொன்று, இல்லையென்றால் சாயங்காலக் காப்பி நேரம். ராத்திரி சீரியல் ஓடும்போது போகாதீர்கள்.

விளக்கு வைத்தபிறகு பால், தயிர், மோர், உப்பு, எண்ணெய் கொடுக்க மாட்டார்கள், வெள்ளி, செவ்வாயில் சில வீடுகளில் எதையுமே கொடுக்க மாட்டார்கள். உப்பை எப்போதும் கையில் கொடுக்கக் கூடாது, கீழே வைத்துத்தான் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். இதில் எனக்கு நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால் இல்லை. ஆனால் வாங்கிக்கொள்கிற ஆச்சிக்கு இருக்கிறது, அது போதும். ராத்திரி எட்டு மணிக்கு உறைமோர் கேட்டுப்போய் நின்று, இல்லை என்று சொல்லவும் முடியாமல் கொடுக்கவும் முடியாமல் அவரைத் திண்டாட வைத்தவன் நான்தான்.

சொல்ல மறந்தது, வீட்டு வேலைக்கு வருகிறவர் கையில் கொடுத்துவிடாதீர்கள். உங்களால் முடியாவிட்டால் வீட்டில் இன்னொருவர் போகலாம், பிள்ளைகள் போகலாம்.

சாப்பிட முடியாமல் போனால்

எனக்குச் சர்க்கரை உண்டு. முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. ஒரு வருஷம் அதிரசமும் மாவுலாடும் வாங்கி வாங்கிச் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மைனிதான் மாத்திரை டப்பாவைப் பார்த்துக் கண்டுபிடித்துச் சத்தம் போட்டார். இப்போது எனக்கென்று தனியாக உப்புச்சீடை வருகிறது. ஆகாது, ஒத்துக்கொள்ளாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிடிக்காது என்பதை மட்டும் சொல்லாதீர்கள். உப்பு கூடியிருந்தால், காரம் அதிகமென்றால், அவர்களாகக் கேட்காமல் நீங்களாகச் சொல்லக் கூடாது.

கெட்டுப்போனால்? போகும். தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் நம்ம ஊர்ச் சூட்டில் நாலு மணி நேரம் வெளியே தாங்காது, சொதி வந்தால் அன்றைக்கே சாப்பிடுங்கள், மிச்சத்தை உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். அப்படியும் வீணானால் முற்றத்துப் பொதுக் குப்பைத்தொட்டியில் கொட்டாதீர்கள், ஆறு வீட்டுக்கும் கண் இருக்கிறது. வீட்டிலேயே கட்டி வெளியே போடுங்கள். அவர்களிடம் போய்ப் பொய்யாகப் புகழவும் வேண்டாம், கெட்டதைச் சொல்லவும் வேண்டாம். "முதல்ல சாப்ட்டது அருமையா இருந்துச்சு" என்று சாப்பிட்ட வரைக்கும் சொல்லலாம்.

கணக்குப் பார்க்காத நாட்கள்

துட்டி வீட்டில், அதாவது சாவு விழுந்த வீட்டில், இந்தச் சட்டம் எதுவும் கிடையாது. அப்பா தவறியபோது எங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. கடுங்காப்பி, இட்லி, சோறு, ரசம் எல்லாம் வெளியிலிருந்துதான் வந்தன, யார் கொண்டுவந்தார்கள் என்று பார்க்கிற நிலையில் யாரும் இல்லை. பதினாறு கழிந்தபிறகு அடுக்களை மேடையில் பார்த்தால் பதினோரு பாத்திரம். நான் ஒவ்வொன்றிலும் ஏதாவது வைக்கப் போனேன், அம்மா தடுத்துவிட்டாள். துட்டிக்கு வந்த பாத்திரம் கழுவி, காலியாகத்தான் போக வேண்டும், அதில் ஒன்றும் வைக்கக் கூடாது என்றாள். கொண்டுபோய்க் கொடுத்தபோது யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை, வாங்கி உள்ளே வைத்துவிட்டு, "உக்காருய்யா" என்றார்கள்.

2023 டிசம்பர் 17, 18 மழையும் அப்படித்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் வந்துவிட்டது. எங்கள் தெரு மேடு, தண்ணீர் வரவில்லை, ஆனால் கரண்ட் இல்லை, பால் இல்லை, போன் இல்லை. சிந்துபூந்துறையிலிருந்து மைனியின் தங்கை குடும்பமே நனைந்துபோய் வந்து இறங்கியது. அன்று முற்றத்தில் ஒரே அடுப்பு. ஆச்சி வீட்டு அரிசி, பாய் வீட்டு கேஸ் சிலிண்டர், டீச்சர் அக்கா வீட்டுத் துவரம்பருப்பு, எங்கள் முருங்கைக்கீரை, யார் வீட்டிலோ கிடந்த கத்தரிக்காய், வாழைக்காய், சீனியவரைக்காய். தேங்காயும் சீரகமும் வத்தலும் சின்ன வெங்காயமும் அம்மியில் அரைத்தது. சின்னப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு பிடி கொண்டுவந்து சேர்த்துச் சமைத்து விளையாடுகிறதுதான் கூட்டாஞ்சோறு, அதன் அர்த்தம் எனக்கு அன்றுதான் பெரிய ஆளாக நின்று தெரிந்தது. படிக்கிற பையன்கள்தான் கிண்டினார்கள். நாலு நாளைக்கு யாரும் யாருக்கும் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. அஞ்சாவது நாள் பாத்திரம் பிரித்தபோது எது யாருடையது என்று தெரியாமல் ஒரு சண்டையே வந்தது. என்னிடம் இன்னும் டீச்சர் அக்கா வீட்டுக் குழிக்கரண்டி ஒன்று இருக்கிறது. அவரிடம் எங்கள் வீட்டுச் சல்லடைக்கரண்டி இருக்கிறது. ரெண்டு பேருக்கும் தெரியும், ரெண்டு பேரும் கேட்பதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது எங்கள் மேடையில் ஆச்சியின் தூக்குச்சட்டி இருக்கிறது, மாமியார் பேர் வெட்டினது. முந்தாநாள் அவியல் வந்தது. கழுவித் துடைத்து, உள்ளே நாலு முருங்கைக்காயை ஒடித்துப் போட்டு, மூடி சரியாகப் பொருந்துகிறதா என்று ரெண்டு தடவை பார்த்தாயிற்று. ஆனால் இன்றைக்கு வெள்ளிக்கிழமை, விளக்கும் வைத்துவிட்டார்கள். நாளைக் காலையில் பத்தரைக்குப் போக வேண்டும். அவியலில் சேனைக்கிழங்கு கரையாமல் துண்டு துண்டாக நின்றதைச் சொல்ல வேண்டும்.